சில்லுக்குள்ளே காலக்கணக்கு

காலத்தை அளத்தல் மாந்தர்க்கு மிகப் பழைய தொழில். நிழலை அளந்தும், நீர் சொட்டுவதை எண்ணியும், நாழிகை வட்டிலை வைத்தும் நம் முன்னோர் பொழுது கணித்தனர். அவர்கள் அளந்த காலம், அளப்பார் இருப்பினும் இல்லாதொழியினும் தானே ஓடிக்கொண்டிருந்தது. கணிப்போன் உறங்கினும் ஞாயிறு உறங்குவதில்லை. ஆனால், இக்காலக் கணினிப் பொறியியலாளர் நாடோறும் கையாளும் வேறொரு காலமுண்டு. அது தானே ஓடுவதில்லை. எவரேனும் ஒருவர் எண்ணித் தள்ளினாலன்றி அஃது இம்மியும் நகராது. எண்ணுவோன் பிழைபட எண்ணின் அக்காலத்தை நம்பிய உலகம் முழுவதுமே பிழைபடும். வன்பொருள் மாதிரிகளுள் வழங்கும் அக்காலத்தின் இயல்பையும், அதனைக் கணக்கிடும் முறையையும், அக்கணக்கிற் பிழை புகும் வாயில்களையும் இம்மலரின் வாசகர்க்கு, சிறப்பாக நம் கல்லூரியின் உயர்வகுப்பு மாணவர்க்கு, எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதிரி எதற்கு?

வீடு கட்டுவோன் சுவர் கோணினால் இடித்துக் கட்டலாம். தச்சன் பலகை குறைந்தால் ஒட்டுப் போடலாம். கணினியின் மூளையாகிய சிலிக்கன் சில்லை வார்ப்போனுக்கு அவ்வசதி இல்லை. விரல்நகத்தின் அளவினதாகிய சில்லொன்றிற் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் அமைகின்றன. வரைபடத்தை ஆலைக்கு அனுப்பிய பின்னர்ச் சில்லு கைக்கு வந்து சேரப் பல மாதங்கள் கழியும், பெரும்பொருள் செலவாகும். வந்த சில்லிற் பிழை காணப்படின், அதனைத் திருத்த வழியில்லை. மீண்டும் முதலிலிருந்து வார்த்தலே செய்யத்தக்கது.

ஆதலின், சில்லை வார்க்குமுன் அதனை எழுத்திலே வார்க்கின்றனர். படலை திறந்தால் வழி உண்டு, அடைத்தால் வழி இல்லை என்பதுபோலச் சமிக்ஞைகளை விடுத்தும் தடுத்தும் நிற்கும் உறுப்புகளைத் தர்க்கப் படலைகள் என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. அப்படலைகள் எவ்வாறு இணைந்து எவ்வாறு தொழிற்படவேண்டும் என்பதை எழுதுதற்கென்றே மொழிகள் உள. 1987 இல் நியமமாக்கப்பட்ட வி.எச்.டி.எல். மொழியும், 1995 இல் நியமமாக்கப்பட்ட வெரிலாக் மொழியும் அவற்றுள் முதன்மையானவை. இவற்றில் எழுதிய விவரணத்தை வேறொரு செய்நிரலிடம் கொடுத்தால், அச்செய்நிரல் இன்னும் பிறவாத அச்சில்லைப் போலவே கணினிக்குள் நடித்துக் காட்டும்.

காரைதீவிற் பிறந்து இப்பகுதிக்குப் பெருமை சேர்த்த விபுலாநந்த அடிகளார் 1930களில் அறிவியற் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். அவர் ஊருக்கு அண்மையிலிருந்து எழுதுவோர் சொல்லுக்கு அஞ்சி நிற்றல் தகாது. எழுத்தில் அமைந்த சில்லை ஓட்டிப் பார்த்தலை இக்கட்டுரையில் மாதிரியோட்டம் என்றும், அதனுள் எண்ணப்படும் காலத்தை மாதிரிக் காலம் என்றும், நம் சுவர்க்கடிகாரம் காட்டும் காலத்தை உலகக் காலம் என்றும் வழங்குவாம்.

சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு

இம்முயற்சி வெளிநாட்டார்க்கே உரியதென எண்ணற்க. சென்னையிலுள்ள இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் வீ. காமகோடி அவர்களின் தலைமையில், 2014 ஆம் ஆண்டளவிற் 'சக்தி' என்னும் பெயரால் நுண்செயலி ஆக்கும் முயற்சி தொடங்கியது. 2010 இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திற் பிறந்து, எவரும் கட்டணமின்றிப் பின்பற்றத்தக்கதாக வெளியிடப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் என்னும் அறிவுறுத்தற் றொகுதியை அது மேற்கொண்டது. 2018 இல் ரைஸ்கிரீக் என்னும் சில்லு இன்டெல் நிறுவனத்தின் 22 நனோமீற்றர் ஆலையில் வார்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ரிமோ என்னும் சில்லு சண்டிகாரிலுள்ள குறைகடத்தி ஆய்வுகூடத்தில் 180 நனோமீற்றர் முறையில் உருவானது. 2020 இல் மௌசிக் வெளிவந்தது. 2025 இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் சில்லு இயங்கிக் காட்டிற்று.

இச்செயலிகளின் விவரணம் புளூஸ்பெக் என்னும் மொழியில் எழுதப்பட்டு, அதிலிருந்து வெரிலாக் வடிவம் ஆக்கப்படுகின்றது. அதனை வெரிலேற்றர் என்னும் செய்நிரல் சி++ மொழிக்கு மாற்றித் தர, சாதாரணக் கணினியிலேயே செயலியின் மாதிரி ஓடுகின்றது. வெரிலேற்றர் எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. சென்னையிற் பேராசிரியர் குழு கையாளும் அக்கருவியையே ஆலையடிவேம்பிலுள்ள மாணவனும் தன் வீட்டுக் கணினியில் இட்டுக்கொள்ளலாம். கருவி ஒன்றே, அதனைக் கையாளும் ஒழுங்கைக் கற்றலே எஞ்சியது. அவ்வொழுங்கின் முதற்பாடம் காலக்கணக்கு.

காலம் தாவிச் செல்லுதல்

மாதிரிக் காலம் ஆறுபோல ஓடுவதன்று, படிக்கட்டுப்போலத் தாவுவது. இதனை நம் வயல்வெளியிலிருந்தே விளக்கலாம். போகத் தொடக்கத்திற் கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. எந்நாளில் வாய்க்காலில் நீர் விடுவது, எந்நாளுக்குள் விதைத்து முடிப்பது, எந்நாளில் நீரை நிறுத்துவது என்று திகதிகள் குறிக்கப்படுகின்றன. வட்டவிதானையின் குறிப்பேட்டிலே குறித்த நாட்கள் மட்டுமே நிற்கும். இரண்டு திகதிகளுக்கிடையே கழிந்த பகலிரவுகளுக்கு அவ்வேட்டில் இடமில்லை.

மாதிரியை ஓட்டும் செய்நிரலும் அத்தகைய ஓர் ஏட்டை வைத்துக்கொள்கின்றது. '10 ஆம் நனோ செக்கனில் இச்சமிக்ஞை மாறும். 15 ஆம் நனோ செக்கனிற் கடிகாரம் தாழும்' என்பன போன்ற நிகழ்ச்சிகள் கால ஒழுங்கில் அதில் நிரைப்படுத்தப்படும். முதலில் நிற்கும் நிகழ்ச்சியை எடுத்துச் செய்து முடித்தபின், அடுத்த நிகழ்ச்சியின் காலத்தை மாதிரிக் காலமாக வைத்துக்கொள்ளும். இடைப்பட்ட காலம் கழிவதில்லை, தாவப்படுகின்றது.

இதனால் மாதிரிக் காலத்துக்கும் உலகக் காலத்துக்கும் நிலையான விகிதம் யாதுமில்லை. செக்கனுக்கு 10 கோடி துடிப்புகள் கொண்ட, அதாவது 100 மெகாஹேட்ஸ் மீடிறனுள்ள சில்லொன்றின் மாதிரி, நம் கணினியிற் செக்கனுக்கு 1 இலட்சம் துடிப்புகளையே கடப்பதாகக் கொள்வோம். அச்சில்லின் ஒரு செக்கனைக் காண நாம் 1000 செக்கன், ஏறக்குறைய 17 நிமிடம், காத்திருத்தல் வேண்டும். கணினியின் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து மாதிரியின் காலத்தைச் சொல்ல முயல்வோன், இன்று ஒரு விடையும் நாளை வேறொரு விடையும் பெறுவான். அதே மாதிரியை அதே உள்ளீட்டோடு எத்தனை முறை ஓட்டினும் ஒரே விடை வருதல் வேண்டும் என்பது சோதனையின் உயிர்நிலை. ஆகவே மாதிரிக்குள் உலகக் காலத்தைப் புகவிடலாகாது.

ஒரே கணத்தில் முன்னும் பின்னும்

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. ஒரு படலையின் வெளியீடு மாறினால் அதனோடு இணைந்த அடுத்த படலை மாறும். அதனால் மூன்றாவது மாறும். தாமதம் குறிப்பிடாத மாதிரியில் இவை யாவும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஆயினும் காரணம் முன்னும் காரியம் பின்னுமாக அல்லவோ நிகழ்தல் வேண்டும்? இதன்பொருட்டு வி.எச்.டி.எல். மொழியார் டெல்ற்றாச் சுற்று என்ற ஒன்றை வகுத்தனர். டெல்ற்றா என்பது அளவில்லாத ஒரு படி. அதனை எத்தனை முறை கடப்பினும் மாதிரிக் காலம் மாறாது. ஒழுங்கு மட்டும் முன்னேறும்.

அதன் பயனை ஓர் உவமையாற் காண்க. இரண்டு மாணவர் தத்தம் சிலேற்றில் ஒவ்வோர் எண் எழுதி வைத்திருக்கின்றனர். மணி அடித்ததும் ஒருவர் எண்ணை மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டுமென்பது கட்டளை. முதல்வன் தன் எண்ணை அழித்து மற்றவன் எண்ணை எழுதிவிட்டால், இரண்டாமவன் பார்க்கும்போது பழைய எண் அங்கில்லை. இருவர் சிலேற்றிலும் ஒரே எண் நிற்கும். இருவரும் முதலிற் பார்த்து, பின்னர் இருவரும் எழுதினால் மாற்றம் செவ்வனே நடைபெறும். சில்லின் பதிவகங்கள் கடிகாரத் துடிப்பிற்கு ஒருங்கே மாறுதல் இத்தகையதே. 'முதலில் யாவரும் பார்க்க, பின்னர் யாவரும் எழுதுக' என்னும் ஒழுங்கை மாதிரியில் அமைக்காதவன், உண்மைச் சில்லு செய்யாத ஒன்றைத் தன் மாதிரி செய்வதைக் காண்பான். கடிகாரக் கணக்கு முழுதும் சரியாயிருப்பினும் விடை பிழைபடும்.

இனி, காலக்கணக்கை எழுதத் தொடங்குவோன் தன்னைத்தான் வினவவேண்டிய வினாக்கள் மூன்று. கணக்கை வைப்பவர் யார்? எவ்வலகில் வைப்பது? எவ்வகை எண்ணில் வைப்பது? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

கணக்கை வைப்பவர் யார்?

நிகழ்ச்சி ஏட்டைத் தானே பேணும் செய்நிரல்கள் காலத்தையும் தாமே பேணும். வெரிலாக் மொழியில் 'டைம்' என்னும் கட்டளையால் இப்போது மாதிரிக் காலம் யாதென வினவினால் அவை விடை கூறும். வெரிலேற்றரின் மரபு வேறு. அஃது ஆதியில் வேகத்தின்பொருட்டு நிகழ்ச்சி ஏட்டைக் கைவிட்டது. ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் சில்லின் நிலையைக் கணித்துத் தந்துவிட்டு அமைதியுறும். கடிகாரத்தை உயர்த்துவதும், தாழ்த்துவதும், எவ்வளவு காலம் கழிந்ததெனக் குறிப்பதும் மாதிரியை ஓட்டுவோன் எழுதும் புறச்செய்நிரலின் கடமைகள்.

அவ்வாறாயின் சில்லின் விவரணத்துள் 'டைம்' என்னும் வினா எழும்போது விடை கூறுவார் யார்? முன்னைய வழக்கில், 'எஸ்.சி. டைம் ஸ்டாம்ப்' என்னும் பெயருடைய சார்பொன்றை ஓட்டுவோனே எழுதித் தருதல் வேண்டும். சிஸ்டம்சி என்னும் மாதிரியாக்க நூலகத்திலிருந்து வந்த பெயர் அது. சிஸ்டம்சியைப் பயன்படுத்துவோர்க்கு அந்நூலகமே அதனைத் தந்துவிடும். பயன்படுத்தாதோர் அச்சார்பை எழுத மறந்தால், செய்நிரலை இணைக்கும் வேளையில் அப்பெயரைக் காணவில்லை என்னும் முறையீடு எழுந்து வேலை நின்றுவிடும். சில்லோடு தொடர்பில்லாத ஏதோ ஒன்று கெட்டுவிட்டதெனப் புதியோர் மயங்குவர். உண்மையில் அம்முறையீட்டின் பொருள், 'காலம் என்ன என்று கேட்டேன். விடை கூற எவருமிலர்' என்பதே. 2021 இல் வெளிவந்த பதிப்புகளிலிருந்து மாதிரியின் சூழலை ஏந்தும் பொருளொன்று ஏற்படுத்தப்பட்டு, காலமும் அதனுள் வைக்கப்பட்டது. 2022 இல் வந்த ஐந்தாம் பதிப்பு, விவரணத்துள் எழுதிய தாமதங்களையும் நிகழ்ச்சிகளாகக் கொண்டு ஓட்டும் ஆற்றலைப் பெற்றது. ஆயினும் புறச்செய்நிரலை எழுதுவோன் காலத்தை முன்னேற்றும் கடமை பெரிதும் நீங்கிற்றில்லை.

அச்செய்நிரலின் நடு வட்டம் எளிது. கடிகாரச் சமிக்ஞையை மாற்றுக. மாதிரியைக் கணிக்கச் செய்க. அலைவடிவக் கோப்பில் இக்காலத்தின் நிலையைப் பதிக. காலத்தை அரைத்துடிப்பளவு கூட்டுக. மீண்டும் முதலுக்குச் செல்க. 100 மெகாஹேட்ஸ் கடிகாரத்தின் முழுத்துடிப்பு 10 நனோ செக்கன். கடிகாரம் ஒரு துடிப்பில் இருமுறை மாறுவதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 கூட்டுதல் வேண்டும்; 10 கூட்டினால் மாதிரியின் மீடிறன் பாதியாகிவிடும். கூட்டவே மறந்தால், சில்லு ஒழுங்காகத் தொழிற்படும். ஆனால் எழுதிய செய்திகள் யாவும் பூச்சியத்தில் நிகழ்ந்தனவாகக் காட்டும். அலைவடிவம் முழுவதும் ஒரே கோட்டில் நெரிந்து நிற்கும். வரவு செலவு யாவும் எழுதியிருந்தும் திகதியே இல்லாத கணக்குப் புத்தகம் அது.

எவ்வலகில் வைப்பது?

வெரிலாக் மொழியில் ஒவ்வொரு விவரணப் பகுதிக்கும் கால அலகும், அதனினும் நுண்ணிய துல்லிய அளவும் கூறும் அறிவிப்பொன்றுண்டு. அலகு 1 நனோ செக்கன், துல்லியம் 1 பிக்கோ செக்கன் என்பது பெருவழக்கு. ஒரு நனோ செக்கன் என்பது செக்கனின் 100 கோடியில் ஒரு பங்கு. பிக்கோ செக்கன் அதனில் 1000 இல் ஒரு பங்கு.

இங்கே இரண்டு பொறிகள் உள. முதலாவது, 'டைம்' என்னும் கட்டளை அலகின் முழுவெண்ணாகவே விடை தரும். 2.6 நனோ செக்கனில் ஒரு நிகழ்ச்சியும் 3.2 நனோ செக்கனில் மற்றொன்றும் நிகழ்ந்தால், இரண்டிற்கும் 3 என்றே விடை வரும். வெவ்வேறு காலத்தில் நிகழ்ந்தவை ஒரே காலத்தில் நிகழ்ந்தனபோலத் தோன்றும். பின்னத்தோடு அறிய வேண்டின் 'ரியல்டைம்' என்னும் கட்டளையைக் கையாளல் வேண்டும்.

இரண்டாவது பொறி இதனினும் ஆழமானது. அவ்வறிவிப்பு ஒரு கோப்பில் இல்லாவிடின், அதற்கு முன் வாசிக்கப்பட்ட கோப்பின் அறிவிப்பு இதற்கும் உரியதாகும். கோப்புகளை வேறொரு வரிசையில் வைத்துத் தொகுத்தால், ஓர் எழுத்தும் மாற்றாமலே ஒரு பகுதியின் தாமதங்கள் நனோ செக்கனிலிருந்து பிக்கோ செக்கனுக்கு மாறி 1000 மடங்கு குறையக்கூடும். அண்டை வீட்டாரின் முழக்கோலால் நம் வேலியை அளந்ததுபோலும் இது. இக்குறை நோக்கியே, பின்னர் எழுந்த சிஸ்டம்வெரிலாக் மொழியில் ஒவ்வொரு பகுதியும் தன் அலகைத் தனக்குள்ளேயே கூறும் வழி வகுக்கப்பட்டது. சிஸ்டம்சியிலோ ஓட்டம் முழுமைக்கும் ஒரே துல்லியம்தான். வேறு கூறாவிடின் அது 1 பிக்கோ செக்கன். மாற்ற வேண்டின் ஓட்டம் தொடங்குமுன், ஒருமுறை மட்டுமே மாற்றலாம். ஆட்டம் தொடங்கியபின் அளவுகோலை மாற்றலாகாது என்னும் நேர்மை அதில் விளங்குகின்றது.

எவ்வகை எண்ணில் வைப்பது?

கணினியின் எண்கள் எல்லையுடையன. 32 பிற்றுக் கொண்ட எண் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் வரை எண்ணிப் பின் பூச்சியத்துக்கு மீளும். பிக்கோ செக்கனில் எண்ணினால் அஃது ஏறத்தாழ 4.29 மில்லி செக்கன் மட்டுமே. 100 மெகாஹேட்ஸ் சில்லுக்கு அது 4 இலட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம் துடிப்புகள். ஒரு பணிசெயல் முறைமை கண்விழித்தெழப் பல கோடி துடிப்புகள் வேண்டுமாதலின், அவ்வெண் பலமுறை சுழன்றுவிடும். வெரிலாக் மொழியிற் காலத்துக்கென்றுள்ள மாறிவகை 64 பிற்றுடையது. பொதுவான முழுவெண் மாறி 32 பிற்றே உடையது. காலத்தை வாங்கிப் பொது மாறியில் இட்டுவைப்போன், மேற்பாதியை இழந்ததை அறியான். சிறு சோதனைகளில் எல்லாம் செம்மையாகத் தோன்றும். நெடிய ஓட்டத்திலேயே பிழை வெளிப்படும்.

64 பிற்று எண்ணிற் பிக்கோ செக்கனை எண்ணினால் 213 நாட்களுக்குப் போதும். அதனினும் 1000 மடங்கு நுண்ணிய பெம்ரோ செக்கனை எண்ணினால் 5 மணித்தியாலத்துச் சொச்சமே. நுண்மை வேண்டுவோன் நீளத்தை இழக்கின்றான். நீளம் வேண்டுவோன் நுண்மையை இழக்கின்றான்.

'பின்னங்களைத் தாங்கும் மிதக்கும்புள்ளி எண்ணைக் கொள்ளின் இத்தொல்லை இல்லையே' என மாணவர் சிலர் வினவலாம். அவ்வெண் 64 பிற்றுடையதாயினும் அதன் இலக்கங்களுக்கு உரியவை 53 பிற்றே. முழுவெண்களை ஐயமின்றி அது தாங்குவது 2 இன் 53 ஆம் அடுக்கு வரைதான். பிக்கோ செக்கனில் அஃது இரண்டரை மணித்தியாலம். இதனினும் பெரிய குறையொன்றுண்டு. பத்தில் ஒன்று என்னும் பின்னம் துவித எண்முறையில் முடிவின்றி நீள்வது. எத்தனை இலக்கத்தில் வெட்டினும் சிறிது குறைந்தோ மிகுந்தோ நிற்கும். 0.1 ஐப் பத்துமுறை கூட்டினாற் கணினியில் 1 வருவதில்லை; 1 ஐ மிக அணுகிய வேறோர் எண் வரும்.

இச்சிறு குறை மனித உயிரையும் குடித்ததுண்டு. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலே, பேற்றியற் என்னும் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. அமெரிக்கப் படைவீரர் 28 பேர் மாண்டனர். அவ்வமைப்புக் காலத்தைப் பத்திலொரு செக்கன்களாக முழுவெண்ணில் எண்ணியது. அஃது ஒழுங்கான முறையே. ஆனால் அதனைச் செக்கனாக மாற்றுகையில் 24 பிற்றில் வெட்டப்பட்ட பத்திலொன்றாற் பெருக்கியது. ஒரு முறைக்கு நேரும் பிழை செக்கனின் கோடியில் ஒரு பங்கேனும் நிறையாதது. எனினும் 100 மணித்தியாலம் நிறுத்தாது இயங்கியமையால் அப்பிழை ஏறக்குறைய 0.34 செக்கனாகப் பெருகியது. அத்துணைச் சிறு பொழுதில் ஏவுகணை 500 மீற்றருக்கு மேற் கடந்துவிடும். பார்க்க வேண்டிய இடத்தைவிட்டு வேறிடத்தைப் பார்த்தது கருவி. காலத்தை மிகச் சிறிய அலகின் முழுவெண்ணாகவே பேணுக. பின்னமாக மாற்றுவது மனிதர் கண்ணுக்குக் காட்டும் கடைசி வேளையில் மட்டுமே ஆகுக என்னும் விதி இதனாற் பெறப்படும்.

சில்லே வைத்திருக்கும் மூன்று கணக்குகள்

ரிஸ்க்-ஃபைவ் செயலியின் அமைப்பிலேயே இவ்வறிவு பொதிந்திருத்தல் வியப்புக்குரியது. அதில் மூன்று எண்ணிகள் உள. 'எம்சைக்கிள்' கழிந்த துடிப்புகளை எண்ணுவது. 'எம்இன்ஸ்ட்ரெட்' நிறைவேறிய அறிவுறுத்தல்களை எண்ணுவது. 'எம்டைம்' மாறா மீடிறனில் உண்மைப் பொழுதை எண்ணுவது. மின்சாரத்தைச் சிக்கனஞ் செய்யச் செயலி தன் துடிப்பை மெதுவாக்கலாமாதலின், துடிப்பும் பொழுதும் ஒன்றல்ல. ஓர் அறிவுறுத்தல் நிறைவேறப் பல துடிப்புகள் காத்திருக்க நேருமாதலின், துடிப்பும் வேலையும் ஒன்றல்ல. ஒரே வினாவாகிய 'எவ்வளவு சென்றது?' என்பதற்கு மூன்று விடைகள் உள; மூன்றும் மெய்யே.

சில்லைச் சோதிப்போர் இவ்வேறுபாட்டைப் பயன்கொள்வர். சக்தி செயலியின் மாதிரியைச் சரிபார்க்க, ஸ்பைக் என்னும் வேறொரு செய்நிரலை உரைகல்லாக வைக்கின்றனர். ஸ்பைக் அறிவுறுத்தல்களின் பொருளை மட்டும் அறியும், துடிப்புகளை அறியாது. அதனுள் இருக்கும் பொழுதெண்ணியும், இயல்பாக, நிறைவேறிய அறிவுறுத்தல்களின் தொகையைக் கொண்டே முன்னேறும். ஆதலின் இரண்டையும் காலத்தால் ஒப்பிடுதல் வீண். எத்தனையாவது அறிவுறுத்தல், அது எப்பதிவகத்தில் யாது எழுதிற்று என ஒழுங்கால் ஒப்பிடுதலே முறை. பொழுதெண்ணியைப் படிக்கும் அறிவுறுத்தலில் மட்டும் இரண்டின் விடையும் மாறுபடும். அம்மாறுபாடு செயலியின் பிழையன்று. இரண்டு காலங்களின் வேற்றுமை. இதனை அறியாதோன் இல்லாத பிழையைத் தேடி நாட்களைப் போக்குவான்.

பலர் கூடிக் கணக்கிடுமிடத்து

பெரிய மாதிரியைப் பல கணினிகளிற் பகிர்ந்து ஓட்டுங்கால், ஒவ்வொன்றும் தன் காலக்கணக்கைத் தானே வைத்திருக்கும். ஒன்று 50 ஆம் கணத்தை அடைந்தபின், மற்றொன்றிடமிருந்து 30 ஆம் கணத்துச் செய்தி வந்தால் என் செய்வது? கடந்த காலத்தை மாற்றல் இயலாது. 1965 இற் சென்னைத் தொழினுட்பக் கழகத்திற் பட்டம் பெற்றுப் பின் அமெரிக்காவிற் பேராசிரியராய் விளங்கிய கே. மணி சாண்டி அவர்களும், ஜெயதேவ் மிஸ்ரா அவர்களும் 1970களின் இறுதியில் இதற்கொரு தீர்வு கண்டனர். அவர்க்கு முன்னும் ஒருபாலாக ஆர். ஈ. பிரையன்ற் என்பார் இவ்வழியை ஆராய்ந்திருந்தார். ஒவ்வொரு பகுதியும், முந்திய காலத்துச் செய்தி இனி வாராதென உறுதியானபின்னரே முன்னேறும். ஒருவரையொருவர் எதிர்பார்த்து யாவரும் நின்றுவிடாதிருத்தற்கு, செய்தி இல்லாதபோதும் 'இன்ன பொழுதுவரை என்னிடமிருந்து யாதும் வாராது' என்னும் வெறுஞ்செய்தியை அனுப்புதல் வேண்டும். சொல்ல யாதுமில்லை என்பதைச் சொல்லுதலும் கடமையாகும் இடம் ஒன்றுண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

கேள்வி ஞானம் மட்டும் போதாது. கணினி வாய்த்த மாணவர் எட்டுப் பிற்று எண்ணியொன்றை வெரிலாக் மொழியில் எழுதுக. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூட்டும் அவ்வெண்ணி, 256 துடிப்புகளிற் பூச்சியத்துக்கு மீளும். கடிகாரம் 100 மெகாஹேட்ஸ் எனின், மீளும் காலம் 2560 நனோ செக்கன் என்பதை முதலிற் கையாற் கணித்துத் தாளில் எழுதி வைக்க. பின்னர் மாதிரியை ஓட்டி விடையை ஒப்பிடுக. 5120 என வரின் அரைத்துடிப்பை முழுத்துடிப்பாக எண்ணியிருத்தல் வேண்டும். 25 இலட்சத்து 60 ஆயிரம் என வரின் அலகு பிக்கோ செக்கனாக உள்ளது. பூச்சியம் என வரின் காலத்தை முன்னேற்றுவார் எவருமிலர். 2560 எனவே வரினும் அமைதல் வேண்டா. கோப்புகளின் வரிசையை மாற்றித் தொகுத்து, மீண்டும் அதே விடை வருகின்றதா என நோக்குக. விடையை முன்னரே அறிந்த சோதனையே விடை அறியாச் சோதனைக்கு வழிகாட்டும்.

சில்லு வார்க்கும் ஆலை நம் நாட்டில் இல்லையே எனத் தளர்தல் வேண்டா. வார்ப்பதற்கு முன் நிகழும் சிந்தனையும் சோதனையும் ஆலையில் நிகழ்வனவல்ல, மேசையில் நிகழ்வன. அவற்றுக்கு வேண்டிய நூல்களும் கருவிகளும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. வேண்டுவது கணக்கிற் கண்டிப்பும், தன் விடையைத் தானே ஐயுறும் மனமும் ஆகும். அவ்விரண்டையும் இக்கல்லூரியின் கணித வகுப்பறைகள் தலைமுறை தலைமுறையாக ஊட்டி வந்துள்ளன. அப்பயிற்சி பெற்ற மாணவர் இனிவரும் ஆண்டுகளில் இத்துறையிலும் புகுந்து, சிறிய சில்லொன்றேனும் பிழையின்றி ஆக்கி, ஈன்ற ஊருக்கும் கற்பித்த கல்லூரிக்கும் புகழ் சேர்ப்பாராக.